நான்காம் தொட்டி

ஷ்ராப்ஷயரில், வரைபடத்தை மடிக்கும் கோட்டிலேயே
ஓர் ஊர் இருக்கிறது: நெதர் வின்ஸ்லி.
பேருந்து செவ்வாய்க்கிழமை மட்டும்.
மாடுகள் காலிசெய்துபோன கொட்டகையில்
தெல்மா கிராடக் பீர் காய்ச்சுகிறாள்.

நான் அவள் கணக்கு எழுதுகிறவன்.
மாதம் ஒருமுறை போவேன்.
லிட்டரை எண்ணுவேன். வரியை எண்ணுவேன்.
ஒரு கோப்பையை மட்டும் எண்ணாமல் குடிப்பேன்.

அறுபத்தாறு பாகையில் மால்ட் ஊறும்போது
சுட்ட ரொட்டிக்கும் ஈர வைக்கோலுக்கும்
நடுவே ஒரு மணம் எழும்.
பாகை இறங்கினால் சுவை வற்றும்,
ஏறினால் தித்தித்து நாக்கில் ஒட்டும்.
தெல்மா கையை விட்டுப் பார்ப்பதில்லை.
வெப்பமானியை நம்புகிறாள்,
அதை இன்னொரு வெப்பமானியால் சோதித்த பிறகு.
பதினோரு ஆண்டுகள் பல் மருத்துவமனையில்
இடுக்கிகளைக் கொதிக்கவைத்தவள்.

சக்கையை அள்ளிப்போக க்ளெம் யாப் வருவார்.
யாப் என்பது குலப்பெயர்;
அவருடைய டிராக்டர்தான் அடிக்கடி தளை தட்டும்.
அவர் வளர்க்கும் பன்றிகளுக்கு
நாட்காட்டி இல்லாமலே வெள்ளிக்கிழமை தெரியும்.

சுற்றுவட்டாரத்தில் ஏழு பப்கள்.
ஆறு, பெரிய கம்பெனியின் சட்டைப்பைக்குள்.
ஏழாவது லிண்டன் பாஜெட்டுடையது.
மூன்று கைப்பம்புகள்; கடைசியில் இருப்பது தெல்மாவுக்கு.
'பாதிரியாரின் ஏணி' என்று பெயர் எழுதிய பலகை
அதில் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே தொங்கும்.

பிப்ரவரியில் நான்காம் தொட்டி தேறவில்லை.

தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று
என் மொழியில் ஒரு பழைய பெயர்.
காய்ச்சலில் கிடந்தவன் தேறுவான்,
பரீட்சை எழுதியவள் தேறுவாள்,
மதுவும் தேறும்.
இது தேறவில்லை.
கோப்பையைத் தூக்கிப் பிடித்தால்
மறுபக்கம் ஜன்னலைக் காணோம்.
மூக்கருகே கொண்டுபோனால் கிராம்பு,
அதற்குப் பின்னால், நனைந்த பிளாஸ்திரி.
"என் பழைய வேலை" என்றாள் தெல்மா,
கோப்பையைக் கீழே வைத்து.

இவோர், அவள் கணவன், கெட்டவன் அல்ல.
"கலங்கலைத்தானே பிரிஸ்டலில் கேட்கிறார்கள்?
டின்னில் அடைப்போம். ஒரு நரிப் படம்.
'மூட்டம்' என்று பெயர். இரட்டை விலை."
அவன் சொன்ன எண்கள் சரி.
அவற்றைப் போட்டுக் கொடுத்தவன் நான்.
மார்ச் வாடகை, மின்சாரம்,
இன்னும் தவணை தீராத தொட்டி:
எல்லாம் அந்தக் காகிதத்தில்
நரிக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தன.

"நீ குடிப்பாயா?" அவ்வளவுதான் கேட்டாள்.
ஒரு பைன்ட் ஊற்றிக்கொண்டான்.
பாதிவரை, மெதுவாக, முகத்தை நேராக வைத்து.
"குடிப்பேன்" என்றான்.
மீதியைத் தொடவில்லை.

எண்ணூறு லிட்டர்.
யாப்பின் சாணிக்குழிவரை வாடகைக் குழாய்.
ஐம்பது நிமிடம் ஓடியது.
யாரும் பேசவில்லை என்று எழுத ஆசைதான்.
இவோர் குழாயைத் திட்டிக்கொண்டே இருந்தான்.
யாப், எங்கோ வெயிலில் நடக்கும் கிரிக்கெட்டில்
விக்கெட் விழ விழச் சொன்னார்.
லிண்டன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு
தன் மூன்றாம் பம்பை நினைத்துக்கொண்டு போனார்.
நுரை மட்டும் குழிமேல் நின்றது,
வெள்ளை வெளேரென்று, வெட்கமே இல்லாமல்.

வீணானதற்கு வரி கழிக்க ஒரு படிவம்.
'காரணம்' என்ற கட்டம் தீப்பெட்டி அகலம்.
பென்சிலால் 'தேறவில்லை' என்று எழுதினேன்.
அந்த அலுவலகத்தில் யார் படிப்பார்?
அழித்துவிட்டு, அவர்கள் மொழியில்
'மாசு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதற்குள் தெல்மா வால்வைக் கழற்றி
மேஜைமேல் துண்டு துண்டாகப் பரப்பியிருந்தாள்.
ரப்பர் வளையம் ஒன்றில், உள்பக்கம்,
முடி அகலத்துக்கு ஒரு விரிசல்.
வெளிச்சத்தில் வளைத்துக் காட்டினாள்.
கோபமா மகிழ்ச்சியா, தெரியவில்லை.

புது வளையம் நாற்பது பென்ஸ்.
கணக்கில் அதற்கும்
ஒரு வரி.